செங்காந்தளும் இதயத் தமனியும்: இயல்பு நோய்த்தடைகாப்பின் வழியே ஒரு சிகிச்சை

ஆய்வுச் சுருக்கம்

இதயத் தமனி நோய் கொழுப்புப் படிவதால் மட்டும் உண்டாவதன்று. உடலின் இயல்பு நோய்த்தடைகாப்பு அப்படிவின்மேல் ஓயாது வினைபுரிவதாலும் அது வளர்கிறது. இவ்வினையைக் குறிவைக்கும் மருந்துகள் கடந்த பத்தாண்டுகளில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றான கோல்சிசின், தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளின் விதையிலிருந்தும் எடுக்கப்படுவது. அம்மருந்து செயற்படும் விதத்தையும், சோதனைகள் காட்டிய நன்மை தீமைகளையும், ‘நோய் எதிர்ப்புச் சக்தி’ என்னும் வழக்குச்சொல் தோற்றுவிக்கும் தவறான புரிதலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இயல்பு நோய்த்தடைகாப்பு, அழற்சி, தமனித்தடிப்பு, கோல்சிசின், செங்காந்தள்.

முன்னுரை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கிழக்கே உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துக் களமருதூரிலிருந்து மேற்கே கல்வராயன் மலையடிவாரம் வரை பயணம் செய்வோர், மழைக்காலத்தில் வேலியிலும் புதரிலும் பற்றி ஏறும் ஒரு கொடியைக் காணலாம். இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டிருக்கும். இதழ்கள் அடியில் மஞ்சளாகவும் மேலே செந்நிறமாகவும் தீக்கொழுந்துபோல் நிமிர்ந்து நிற்கும். குறிஞ்சிப்பாட்டின் நீண்ட மலர்ப்பட்டியல் இம்மலரைக் கொண்டே தொடங்குகிறது. சங்கப் புலவர்கள் மகளிர் விரலுக்கு உவமையாக்கிய காந்தள் இதுவே. கார்த்திகைப்பூ, கண்வலிப்பூ என்பன அதன் வேறு பெயர்கள். கிழங்கின் வளைந்த வடிவம் பற்றி அதனைக் கலப்பைக் கிழங்கு என்பர். வடமொழியின் ‘லாங்கலி’ என்னும் பெயரும் கலப்பையையே சுட்டும்.

இம்மலரை இலக்கிய மாணவர் நன்கறிவர். அதன் கிழங்கு நஞ்சு என்பதைச் சிற்றூர் மக்கள் நன்கறிவர். அதன் விதையிலுள்ள வேதிப்பொருள் இன்று இதயநோய் மருத்துவத்தில் விவாதிக்கப்படுவதோ இவ்விரு சாராருக்கும் அவ்வளவாகத் தெரியாது. அவ்விவாதத்தைப் பின்தொடர்வதற்கு முதலில் உடலின் காவல் அமைப்பைப் பற்றிச் சிறிது தெளிவு வேண்டும்.

சொல்லும் பொருளும்

நோயை உடல் தானே எதிர்கொள்ளும் திறனைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘நோய்த்தடைகாப்பு’ என்கின்றன. இலங்கைத் தமிழில் அது ‘நிர்ப்பீடனம்’. பேச்சு வழக்கிலும் விளம்பரங்களிலும் வழங்குவது ‘நோய் எதிர்ப்புச் சக்தி’. மூன்றாவது சொல்லே மிகுதியும் பரவியது. மிகுதியும் வழிதவறச் செய்வதும் அதுவே என்பது இக்கட்டுரையாளர் கருத்து. சக்தி என்றவுடன் அளவு நினைவுக்கு வருகிறது. அளவு என்றால் கூடக் கூட நல்லது என்ற முடிவு தானே பின்தொடர்கிறது. கசாயம் முதல் சத்துமாவு வரை அனைத்தும் ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்று விற்கப்படுவதற்கு இச்சொல்லே துணை. இதயத் தமனியைப் பொறுத்தவரை, அந்த ஆற்றல் தணியாமல் எரிவதுதான் நோயின் ஒரு பாதி.

நோய்த்தடைகாப்பு இருவகைப்படும். குறிப்பிட்ட கிருமியை நினைவில் வைத்து அதற்கேற்ற எதிர்ப்பொருளை உருவாக்குவது பெறப்பட்ட நோய்த்தடைகாப்பு. தடுப்பூசி இதனைச் சார்ந்தது. பிறவியிலேயே அமைந்து, எதிரி இன்னார் என்று ஆராயாமல், ‘இது அயல்’ அல்லது ‘இங்குச் சேதம்’ என்று உணர்ந்த மாத்திரத்தில் பாய்வது இயல்பு நோய்த்தடைகாப்பு. ரஷ்ய அறிஞர் இலியா மெச்சினிகோவ் 1882இல் இத்தாலியின் மெசினா நகரில், ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் இளவுயிரிகளின் உடலில் சிறு முட்களைச் செருகினார். மறுநாள் முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் குழுமி நின்றதைக் கண்டார். விழுங்கு செல்கள் என்னும் கருத்து அங்கே பிறந்தது. 1908இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இவ்வமைப்பு அயற்பொருளை எவ்வாறு உணர்கிறது என்பதைக் காட்டிய ஜூல்ஸ் ஹாஃப்மன், புரூஸ் பாய்ட்லர் ஆகியோருக்கு 2011இல் அப்பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

காலில் முள் தைத்த இடம் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிப்பதை அழற்சி என்கிறோம். முள் எடுக்கப்பட்டதும் அழற்சி அடங்கும். எடுக்க முடியாத முள் ஒன்று தமனிச் சுவருக்குள் இருந்தால் என்னவாகும் என்பதே இனி வரும் செய்தி.

தமனிச் சுவருக்குள் எடுக்க முடியாத முள்

ருடால்ஃப் விர்கோ 1850களிலேயே தமனித்தடிப்பில் அழற்சியின் சாயலைக் கண்டு எழுதினார். எனினும் 1913இல் நிக்கோலாய் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் ஊட்டித் தமனித்தடிப்பை உண்டாக்கிக் காட்டிய பின்னர், நோய் முழுவதும் கொழுப்பின் கணக்காகவே பார்க்கப்பட்டது. குழாயில் பாசி படிவதுபோல் தமனியில் கொழுப்புப் படிகிறது என்ற உவமையை இன்றும் வகுப்பறைகளில் கேட்கலாம். குழாய் உயிரற்றது; தமனி உயிருள்ளது. உவமை தவறுவது இவ்விடத்தில்தான். 1999இல் ரசல் ராஸ், தமனித்தடிப்பு ஓர் அழற்சி நோய் என்று தம் கட்டுரைத் தலைப்பிலேயே அறிவித்தபோது, விர்கோவின் பார்வை மீண்டும் நடுவிடம் பெற்றது.

நிகழ்வது இதுதான். குறையடர்த்திக் கொழுப்புப்புரதம், அதாவது எல்.டி.எல்., தமனியின் உட்சுவரைக் கடந்து உள்ளே தங்குகிறது. அங்கே ஆக்சிஜனேற்றம் அடைந்து உருமாறுகிறது. உருமாறிய துகளை உடல் அயலானாகக் கருதுகிறது. உட்சுவர்ச் செல்கள் ஒட்டும் புரதங்களை வெளியே நீட்ட, இரத்தத்தில் செல்லும் மோனோசைட்டுகள் அவற்றில் பற்றி உள்ளே நுழைந்து பெருவிழுங்கு செல்களாக மாறுகின்றன. அவை கொழுப்பை விழுங்குகின்றன. விழுங்கியதைச் செரித்து வெளியேற்றும் வேகத்தைவிட விழுங்கும் வேகம் மிகும்போது, செல்லின் உட்புறம் நுரைபோல் தோன்றும், இவையே நுரைச்செல்கள். நுரைச்செல் இறந்தால் மற்றொரு விழுங்கு செல் அதனை அப்புறப்படுத்த வேண்டும். அப்பணியும் தடைபடும்போது, படிவின் நடுவில் இறந்த செல்களும் கொலஸ்ட்ராலும் கலந்த கூழ் தேங்குகிறது. அதன் மேலுள்ள நார்மூடியை விழுங்கு செல்களின் நொதிகள் அரிக்கின்றன. மூடி கிழிந்து உள்ளிருப்பது இரத்தத்தைத் தொட்டவுடன் உறைகட்டி தோன்றுகிறது. பெரும்பாலான மாரடைப்புகள் இவ்வாறே நிகழ்கின்றன. தமனியைப் பாதிக்குமேல் அடைக்காத படிவும் ஒரே நாளில் உயிரைப் பறிப்பதன் காரணம் இதுவே.

கொழுப்பு எவ்வாறு எச்சரிக்கை மணியை அடிக்கிறது என்பது 2010இல் தெளிவாயிற்று. விழுங்கு செல்களுக்குள் என்.எல்.ஆர்.பி.3 என்னும் உணர்புரதம் உள்ளது. சேதக் குறி கிடைத்தால் அது பிற புரதங்களோடு கூடி ‘அழற்சித் தொகுதி’யாக அமையும், அத்தொகுதி இன்டர்லியூகின்-1பீட்டா என்னும் தூதுப்பொருளை முடுக்கிவிடும். அத்தூது இன்டர்லியூகின்-6ஐத் தூண்ட, அது கல்லீரலில் சி.ஆர்.பி. என்னும் புரதத்தைச் சுரக்கச் செய்யும். நுண்ணிய கொலஸ்ட்ரால் படிகங்கள் இத்தொகுதியை இயக்க வல்லவை என 2010இல் காட்டப்பட்டது. மூட்டுவாத வகைகளுள் ஒன்றான கவுட் நோயில் யூரிக் அமிலப் படிகங்களும் இதே தொகுதியை இயக்குகின்றன என்பது 2006இலேயே வெளியாகியிருந்தது. கால் பெருவிரலை வீங்கச் செய்யும் படிகத்துக்கும் இதயத் தமனியை அரிக்கும் படிகத்துக்கும் உடல் ஒரே முறையில் எதிர்வினை புரிகிறது. கவுட் நோய் மருந்து இதயத்துக்கு வந்த வழியும் இதுவே.

நம் நாட்டுத் தரவும் இதனோடு இயைகிறது. சென்னை நகர ஊரக நோய்ப்பரவியல் ஆய்வு 2005இல் வெளியிட்ட முடிவுகளில், சி.ஆர்.பி. அளவு உடற்கொழுப்பு, நீரிழிவு, இதயத் தமனி நோய் ஆகியவற்றோடு தொடர்புற்றிருந்தது. தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு நேரும் நடு வயது 53 என்றும், பிற நாட்டினருக்கு அது ஏறத்தாழ 59 என்றும் இன்டர்ஹார்ட் ஆய்வின் 2007ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு காட்டியது. உழைக்கும் வயதில் நேரும் இந்த ஆறாண்டு இழப்பே, இவ்வாராய்ச்சி நமக்கு அயல்நாட்டுச் செய்தி அன்று என்பதை உணர்த்துகிறது.

அழற்சியைத் தணித்தல்: வெற்றியும் தோல்வியும்

அழற்சிதான் காரணம் எனில் எந்த அழற்சி மருந்தும் உதவ வேண்டும் அல்லவா? உதவவில்லை. வலிநிவாரணியும் அழற்சி அடக்கியுமான ரோஃபிகாக்சிப், மாரடைப்பைப் பெருக்கியதால் 2004இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. முழங்கால் வலிக்குக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் டைக்ளோஃபினாக் போன்றவையும் இதய ஆபத்தைக் கூட்டுபவையே. இதனை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைத்தல் நலம். மாரடைப்பு நேர்ந்தவுடன் ஸ்டீராய்டு கொடுத்து அழற்சியை முற்றாக அடக்கும் முயற்சியும் நிலைபெறவில்லை. சேதமுற்ற இதயத்தசையைத் துப்புரவு செய்து தழும்பு கட்டுவது அதே விழுங்கு செல்கள்தாம். அவற்றை முடக்கினால் காயம் ஆறாது.

ஆகவே சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் தேர்ந்து நிறுத்தும் எண்ணம் எழுந்தது. பால் ரிட்கர் தலைமையில் நடந்த கான்டோஸ் சோதனையின் முடிவு 2017இல் வெளியாயிற்று. முன்பு மாரடைப்புக்குள்ளாகிச் சி.ஆர்.பி. லிட்டருக்கு 2 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்த 10,061 பேர் அதில் பங்கேற்றனர். இன்டர்லியூகின்-1பீட்டாவை மட்டும் பிணைக்கும் கேனகினுமாப் என்னும் எதிர்ப்பொருள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசியாகச் செலுத்தப்பட்டது. 150 மி.கி. பெற்றோரிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியன சேர்ந்து 15 விழுக்காடு குறைந்தன. இவர்களுக்கு எல்.டி.எல். குறையவில்லை. கொழுப்பைத் தொடாமலே மாரடைப்பைக் குறைக்க முடியும் என்பது அன்று முதன்முறையாக உறுதியாயிற்று. ஆயினும் உயிர்கொல்லும் தொற்றுகள் மருந்து பெற்றோரிடம் மிகுந்தன. விலையும் மிக உயர்வு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் இதயநோய்ப் பயன்பாட்டுக்கு இசைவளிக்கவில்லை.

அதே ஆய்வாளர்கள் 4,786 பேரிடம் மலிவான மெத்தோட்ரெக்சேட்டைச் சோதித்தனர். அது முடக்குவாதத்தைத் தணிக்கும், இதயத்துக்கு உதவவில்லை. இன்டர்லியூகின்-1பீட்டா, இன்டர்லியூகின்-6, சி.ஆர்.பி. மூன்றையும் அது குறைக்கவே இல்லை. தோல்வியுற்ற இச்சோதனையை வெற்றிபெற்றதற்கு இணையாக மதிக்கத் தோன்றுகிறது. அழற்சி என்பது ஒரே பொருள் அன்று, எந்தப் பாதை என்பதே கேள்வி என்பதை அது காட்டிவிட்டது.

காந்தளின் மருந்து

கோல்சிசின் ஐரோப்பாவின் கோல்ச்சிகம் என்னும் இலையுதிர்காலப் பூச்செடியின் பெயரால் அமைந்தது. அச்செடியைக் கி.பி. 6ஆம் நூற்றாண்டிலேயே திராலசின் அலெக்சாண்டர் கவுட் நோய்க்குப் பரிந்துரைத்தார். 1820இல் பெல்லெட்டியே, காவந்தூ என்னும் பிரெஞ்சு வேதியியலாளர்கள் அதன் காரப்பொருளைப் பிரித்தனர். அதே பொருள் காந்தளிலும் உண்டு என்பது 1915இல் அறியப்பட்டது. இரு செடிகளும் ஒரே தாவரக் குடும்பத்தவை. இன்று மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் முதலிய பகுதிகளில் காந்தள் பயிராகிறது. கொடிக்குக் கொம்பும் கம்பியும் நட்டு, பூத்த நாள்களில் காலைப்பொழுதில் ஆள்கள் ஒவ்வொரு மலருக்கும் கையால் மகரந்தம் சேர்த்து விளைவிக்கும் விதை ஏற்றுமதியாகிறது. விலை ஆண்டுக்காண்டு ஏறி இறங்குவதால் உழவர் குறைந்தபட்ச விலை கேட்டு வருகின்றனர். ஐந்திணையில் குறிஞ்சிக்குரிய மலர் இன்று கொங்கு மேட்டுநிலத்தின் பணப்பயிர்.

மருந்து செயற்படும் விதம் எளிது. செல்லுக்குள் டியூபுலின் என்னும் புரதம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு நுண்குழல்களாகிறது. செல் நகர்வதற்கும் சுரப்பதற்கும் பிரிவதற்கும் இக்குழல்கள் சாரம்போல் உதவுகின்றன. கோல்சிசின் டியூபுலினைப் பற்றிக்கொண்டு அடுக்கு வளராமல் தடுக்கிறது. இயல்பு நோய்த்தடைகாப்பின் முதற்படையான நியூட்ரோஃபில்களில் இம்மருந்து மிகுதியாகச் சேர்வதால், சிறு அளவிலேயே அவற்றின் ஓட்டமும் ஒட்டுதலும் குறைகின்றன. அழற்சித் தொகுதி கூடி அமைவதும் மட்டுப்படுகிறது. கான்டோஸ் ஊசி சங்கிலியின் நடுக்கண்ணியைப் பிடித்தது. கோல்சிசின் அதற்கு மேலுள்ள கண்ணியைத் தளர்த்துகிறது.

நாளொன்றுக்கு 0.5 மி.கி. என்னும் சிறு அளவில் மூன்று பெருஞ்சோதனைகள் நடந்தன. 2019இல் வெளியான கோல்காட் சோதனையில், மாரடைப்புக்கு ஆளாகி 30 நாள்களுக்குள் இருந்த 4,745 பேர் பங்கேற்றனர். தீநிகழ்வுகள் வெற்றுமருந்து பெற்றோரில் 7.1 விழுக்காடு, கோல்சிசின் பெற்றோரில் 5.5 விழுக்காடு. 2020இன் லோடோகோ-2 சோதனையில், நாள்பட்ட இதயத் தமனி நோயுடைய 5,522 பேரிடம் அவை 9.6 விழுக்காட்டிலிருந்து 6.8 விழுக்காடாகக் குறைந்தன. இங்கே ஒரு நுணுக்கம். இரண்டாம் சோதனையில் முதல் ஒரு மாதம் அனைவருக்கும் மருந்து கொடுத்து, ஒவ்வாதவரை விலக்கிய பின்னரே கணக்குத் தொடங்கியது. எனவே அம்முடிவு மருந்தைத் தாங்குவோருக்கே பொருந்தும்.

மூன்றாவது, 2024இல் வெளியான கிளியர் சினர்ஜி. மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் முதலிய சிகிச்சை பெற்ற 7,062 பேரில் கோல்சிசின் பெற்றோர்க்கு 9.1, பெறாதோர்க்கு 9.3 விழுக்காடு. வேறுபாடு இல்லை என்றே கொள்ள வேண்டும். சி.ஆர்.பி. குறைந்தும் நோய் குறையவில்லை. ஏன்? மாரடைப்பு நேர்ந்த நாள்களில் விழுங்கு செல்கள் காயம் ஆற்றும் வேலையில் இருக்கின்றன; நாள்பட்ட நோயில் அவை ஓயாது அரித்துக்கொண்டிருக்கின்றன; இரு நிலைக்கும் ஒரே மருந்து ஒரே பயன் தரும் என எதிர்பார்ப்பது பொருந்தாமலிருக்கலாம். இவ்விளக்கம் ஏற்புடையதாகத் தோன்றினும், மாரடைப்புக்குப் பின் உடனே தொடங்கிய கோல்காட் வெற்றி பெற்றதை அது முழுமையாக விளக்கவில்லை. மருத்துவ வழிகாட்டிகளும் நாள்பட்ட நோயையே முதன்மையாகச் சுட்டுகின்றன. அமெரிக்காவில் 2023இல் இம்மருந்து இதயநோய்க்கு இசைவு பெற்றது. ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டி நாள்பட்ட நோயாளருக்கு இதனைக் கருதலாம் என்கிறது. ஸ்டேட்டின், ஆஸ்பிரின் முதலியவற்றுக்கு மேல் சேர்ப்பதே இது; அவற்றுக்கு மாற்று அன்று.

நஞ்சின் எல்லை

காந்தள் விதையின் உலர் எடையில் கோல்சிசின் ஒரு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். ஒரு கிராம் விதையில் பத்துக்கும் மேற்பட்ட 0.5 மி.கி. மாத்திரைகளின் அளவு அடங்கிவிடும் என்பது இதன் பொருள். கிழங்கிலுள்ள அளவு செடிக்குச் செடி மாறும். எந்த வீட்டு அளவையாலும் அதனைக் கணிக்க இயலாது. நியூட்ரோஃபிலைத் தளர்த்தும் அதே பிணைப்பு, அளவு மிகுந்தால் குடல், எலும்பு மச்சை முதலிய வேகமாகப் பிரியும் செல்கள் அனைத்தையும் நிறுத்திவிடும். முதல் நாள் வாந்தியும் பேதியும். அடுத்த நாள்களில் பல உறுப்புகள் செயலிழத்தல். பிழைத்தோர்க்கு ஓரிரு வாரங்களில் முடி உதிர்தல். எளிதிற் கிடைக்கும் முறிமருந்து இல்லை. தமிழ்நாட்டு, இலங்கை மருத்துவமனைகளுக்கு இந்நஞ்சுண்டோர் வருவது புதிதன்று. நம் மரபு மருத்துவமும் இக்கிழங்கை நஞ்சுப் பொருளாக வகைப்படுத்திச் சுத்தி முறைகளை விதித்துள்ளது என்பதை, ‘இயற்கையானது தீங்கற்றது’ என்போர் மறந்துவிடுகின்றனர்.

இதய மருந்தாக வழங்கும் மற்றொரு மரம் மருதம். களமருதூரின் பெயரே அதனை நினைவூட்டுகிறது. மருதம்பட்டை பற்றிய மனிதச் சோதனைகள் சிறியவை. காந்தள் மருந்துக்கு உள்ளது போன்ற பெருஞ்சோதனைச் சான்று அதற்கு இல்லை. மாத்திரை வடிவிலும் கோல்சிசின் சிறுநீரகம் பழுதானோர்க்கு ஆகாது. கிளாரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளோடு சேர்ந்தால் இரத்தத்தில் அளவு ஏறி நஞ்சாகும். நீரிழிவால் சிறுநீரகம் தளர்ந்த முதியோர் பலர் வாழும் ஊர்களில் இது சிறு எச்சரிக்கை அன்று.

தொற்றுநோய் மிகுந்த நாட்டில்

உலகக் காசநோயாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். காசநோய்க் கிருமியைச் சிறைப்படுத்தி வைப்பதும் பெருவிழுங்கு செல்களே. அச்சிறையின் காவலில் இன்டர்லியூகின்-1க்கும் பங்குண்டு. கான்டோஸ் சோதனையில் காசநோய் உறுதியான ஆறு பேரில் ஐவர் இந்தியாவில் இருந்தவர்கள். மருந்து பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் விகிதத்தில் வேறுபாடில்லை என்பது ஆறுதல்; ஆறு பேர் என்பது முடிவுரைக்கப் போதாத எண் என்பதும் உண்மை. கோல்காட்டில் நுரையீரல் அழற்சி மருந்துக் குழுவில் 0.9, மறு குழுவில் 0.4 விழுக்காடு. இவ்வேறுபாட்டின் விளைவு, தொற்று மிகுந்த ஓரிடத்தில் வேறாக இருக்கலாம்.

அளவீட்டிலும் சிக்கல் உண்டு. சி.ஆர்.பி. 2 மி.கி. என்னும் எல்லை மேலைநாட்டு மக்கள்தொகையில் வகுக்கப்பட்டது. பல் ஈறு நோய், ஆறாத கால்புண், குடற்புழு, அண்மைக் காய்ச்சல் ஆகியனவும் இப்புரதத்தை உயர்த்தும். கல்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றில் ஒருவருக்கு அது 4 எனக் காட்டினால், அது தமனியின் குரலா கால்புண்ணின் குரலா என்பதை ஒரே சோதனையால் அறிய முடியாது. இரு வாரம் கழித்து மீண்டும் பார்ப்பதே முறை.

கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாயிற்று; அங்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறந்துவைக்கப்பட்டது. மலையில் வாழும் பழங்குடியினரும் சமவெளி உழவரும் ஒரே மருத்துவமனையை நாடும் இத்தகைய இடம், காசநோய் வரலாறு, சிறுநீரக நிலை, சி.ஆர்.பி. ஆகிய மூன்றையும் ஒருசேரப் பதிவுசெய்து, 0.5 மி.கி. கோல்சிசின் யாருக்கு உதவுகிறது, யாருக்குத் தீங்காகிறது என்று ஆராய்வதற்கு மிகவும் ஏற்றது. அவ்வாய்வைத் தமிழில் எழுதும்போது ‘எதிர்ப்புச் சக்தி குறைப்பு மருந்து’ என்று நோயாளியிடம் சொன்னால் அவர் அஞ்சி விலகுவார். ‘சக்தி கூட்டும் மருந்து’ என்றால் அது பொய். ‘தமனியில் ஓயாத அழற்சியைத் தணிக்கும் மருந்து, காய்ச்சலோ பேதியோ வந்தால் நிறுத்திவிட்டு உடனே வந்து காட்டுங்கள்’ என்பது ஒப்புதல் படிவத்தில் இடம்பெறத் தக்க வாசகம்.